பதினாலரை வண்டி

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில், திருமகுடம் மோட்டார்ஸ் என்ற சர்வீஸ் சென்டரின் வாசலில் ஒரு கார் நான்கு நாள் நின்றது. முன்பாதி கேட்டுக்கு உள்ளே, பின்பாதி கேட்டுக்கு வெளியே. அந்த நான்கு நாளும் அங்கே யாராவது சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் அது பாவம். எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். காரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேலை நடந்தது.

காரின் சொந்தக்காரர் ஜெபமாலை. ஆவூர்ப் பக்கத்துப் பூர்வீகம். இப்போது கீரமங்கலத்தில் தென்னையும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனியின் கிடங்கில் இருந்தார். அங்கே மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். நின்றார். கோட்டைத் தாண்டிய இரண்டு பேருக்கு விரல் போயிற்று. இவர் பத்து விரலோடு ஊர் திரும்பினார். அதிலிருந்து கம்பெனி ஒன்றைச் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிற மனிதராகிவிட்டார். இந்தக் கதையில் அவர் செய்த தப்பு இது ஒன்றுதான்.

அவருக்கு ஒரே மகள், பிரின்சி. நர்சிங் படித்தவள். அயர்லாந்தில் முதியோர் மருத்துவமனை ஒன்றில் மூன்று வருஷ ஒப்பந்தம் கிடைத்து, வியாழக்கிழமை மாலை திருச்சியிலிருந்து விமானம். மூன்று வருஷமும் லீவு கிடையாது. ஜெபமாலை ஒவ்வொரு தடவை குவைத்துக்குப் போகும்போதும் திருச்சி விமான நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பியவள் அவள்தான்; யாரோ ஒருவருடைய வேனில், முதல் தடவை தாயின் இடுப்பில், கடைசித் தடவை கல்லூரி அடையாள அட்டையோடு. அவளை ஒரு தடவையாவது தன் காரில், தன் கையால் ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் கார் வாங்கினார். மனைவி வேளாங்கண்ணியிடம் மட்டும், மல்லிகை மூட்டை ஏற்ற என்று சொல்லி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இந்தக் காலத்துக் கார்களில் கையால் இழுக்கிற ஹேண்ட்பிரேக் கம்பி கிடையாது, ஒரு பொத்தான்தான். தூக்கினால் பின்சக்கரம் இரண்டிலும் இருக்கும் சின்ன மோட்டார்கள் பிரேக்கை இறுக்கும், அழுத்தினால் தளர்த்தும். அதில் இடதுபக்கத்து மோட்டார் இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்தது. வாரண்டி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. வியாழக்கிழமைக்குள் சரிபண்ணிவிடலாம் என்று ஜெபமாலை நேராகத் திருமகுடம் மோட்டார்ஸுக்கு ஓட்டி வந்தார்.

வாசலில் செக்யூரிட்டி ஆண்டிச்சாமி விசில் ஊதிக் கையைக் காட்டினார். கேட் ஒரு சின்ன ஏற்றத்தில் இருந்தது. கார் பாதி ஏறி நின்றது.

"ஹேண்ட்பிரேக் போட்டுட்டு எறங்கி, நோட்டுல கையெழுத்துப் போடுங்க சார்."

"ஹேண்ட்பிரேக் ரிப்பேருக்குத்தாங்க வந்திருக்கேன். இப்ப போட்டா அப்புறம் விடுமோ விடாதோ."

"அதை உள்ள போயி சொல்லுங்க. வாசல்ல ஹேண்ட்பிரேக் போடணும். போர்டைப் பாருங்க."

போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஜெபமாலை பொத்தானைத் தூக்கினார். மோட்டார் 'கர்' என்று ஒரு சத்தம் போட்டது. இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினார். இடது பின்சக்கரம் பூமியைப் பிடித்துக்கொண்டது.

கழுத்தில் டையும் கையில் டேப் கம்ப்யூட்டருமாக சர்வீஸ் அட்வைசர் சிவபிரகாஷ் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார், அதாவது கேட் வரைக்கும் சுற்றினார். பின்பாதிக்குப் போகவில்லை.

"சார், வண்டி இன்னும் எங்களுக்கு வரல."

"வந்துருச்சே தம்பி. நீங்க அதுமேலதான் கை வச்சிருக்கீங்க."

சிவபிரகாஷ் பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு விளக்கினார். கேட்டுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. பின்பக்கத்து நம்பர் பலகை கேட்டைத் தாண்டினால் அது படம் எடுக்கும். படம் எடுத்தால் கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு திறக்கும். ஜாப் கார்டு திறந்தால்தான் வண்டி வந்ததாக அர்த்தம். அதுவரைக்கும் அது ரோட்டில் போகிற ஏதோ ஒரு வண்டி. மோட்டார் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று ஜெபமாலை கேட்டார். இருக்கிறது, அதோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், இரண்டாவது தட்டில், நீலப் பெட்டி என்று சிவபிரகாஷ் காட்டினார். முப்பது அடி தூரம் இருக்கும். ஜாப் கார்டு நம்பர் இல்லாமல் அதை எடுக்க முடியாது.

"நாலு பேரு சேர்ந்து அந்தச் சக்கரத்துக்கு அடியில தள்ளு ஜாக்கியை வச்சு உள்ள இழுத்துரலாமே?"

"ஜாக்கி கேட்டைத் தாண்டக்கூடாது சார். இன்சூரன்ஸ். ஸ்டாஃபும் யூனிஃபார்மோட தாண்டக்கூடாது. நீங்க டோல் ஃப்ரீக்குப் பேசுங்க, அவங்க டோ வண்டி அனுப்பி உள்ள கொண்டாந்து விட்டுருவாங்க."

ஜெபமாலை பேசினார். பதினோரு நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் குரல் கிடைத்தது. பக்கத்து சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அது கேட்டது.

"ஏழடி."

"கிலோமீட்டர்ல சொல்லுங்க சார்."

"கிலோமீட்டர்ல சொன்னா ஒண்ணும் வராதும்மா."

"ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருந்தா எங்க சேவை கிடையாது சார். வண்டியை ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திட்டுக் கூப்பிடுங்க."

"வண்டி நகராதும்மா."

"நகராத வண்டிக்குத்தான் சார் நாங்க வருவோம். ஆனா அது ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நகராம இருக்கணும்."

ஜெபமாலை போனை வைத்துவிட்டுக் காரில் உட்கார்ந்தார். உடனே கௌசல்யா என்ற பெண் ஒரு தட்டில் ரோஸ்மில்க் கொண்டுவந்தாள். வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர் என்று அவள் சட்டையில் எழுதியிருந்தது. பிரின்சி வயதுதான் இருக்கும். டிரைவர் சீட் கேட்டுக்கு உள்ளே வருவதால் அவருக்கு ரோஸ்மில்க் உண்டு என்றும், பின்சீட்டுக்குப் போனால் கிடையாது என்றும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஜெபமாலை முன்சீட்டிலேயே இருந்துகொண்டார்.

சாயங்காலம் ஆண்டிச்சாமி நோட்டை மூடும் முன் அன்றைக்கு வந்த வண்டிகளைக் கூட்டினார். பதினாலரை என்று எழுதினார். இருபத்திரண்டு வருஷம் நோட்டு எழுதுகிற கை. பொய் எழுதிப் பழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பிரச்சனை பெரிதாகிவிட்டது. கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் மற்ற வண்டிகள் உள்ளே வர முடியவில்லை. சாலையில் ஒன்பது கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. திருமகுடம் மோட்டார்ஸ் இப்படிப்பட்ட நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நிறுவனம் இல்லை. பத்து மணிக்கு ஒரு ஜேசிபி வந்தது. காரைத் தொடாமல், அதற்கு வடக்கே பன்னிரண்டு அடி காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளியது. பதினைந்து நிமிஷத்தில் புது வழி தயார். அதற்கும் ஒரு கேமரா மாட்டி, ரிப்பன் கட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, முதலில் உள்ளே போன வண்டிக்கு இலவச வாட்டர் வாஷ் கொடுத்தார்கள்.

ஜெபமாலை இடிந்த சுவரைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், போனை எடுத்து ராக்கனைக் கூப்பிட்டார்.

ராக்கன் ஆலங்குடியில் பட்டறை வைத்திருப்பவர். மோட்டார் சைக்கிளில் ஒரு பையோடு வந்தார். வந்ததும் கேட்டுக்கு வெளியே சாக்கை விரித்து, காரின் பின்பக்கத்துக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மோட்டாரு செத்துப்போச்சுண்ணே. ரெண்டே போல்ட்டு. அவுத்துட்டு, உள்ள இருக்கிற தண்டைக் கையால திருப்பிவிட்டா சக்கரம் விட்டுரும். கால் மணி நேரம். ஹேண்ட்பிரேக்கு மட்டும் இருக்காது, நிறுத்துனா கியர்ல போட்டு ஒரு கல்லை வச்சுக்கங்க. திருச்சி என்ன, மெட்ராஸே போயிட்டு வரலாம்."

"செய்யிடா ராக்கா," என்றார் ஜெபமாலை. அப்படிச் சொன்னபோது அவருக்கு இரண்டு நாளில் முதல் முறையாக மூச்சு நன்றாக வந்தது.

ராக்கன் ஸ்பேனரை எடுத்ததும் சிவபிரகாஷ் கேட் வரைக்கும் ஓடிவந்து, கோட்டில் நின்றுகொண்டு கத்தினார்.

"சார், வெளி ஆள் கை பட்டா வாரண்டி போயிடும். வாரண்டி மட்டும் இல்ல, கை பட்ட வண்டின்னு சிஸ்டத்துல ஏறிடும். அப்புறம் இந்தியாவுல எந்த சென்டர்லயும் இந்த வண்டியை உள்ள விடமாட்டாங்க."

"இப்பவும் உள்ள விடலையே தம்பி," என்றார் ராக்கன்.

"இது வரப்போற வண்டி. அது வரவே முடியாத வண்டி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. பின்பாதி ரோட்டுல இருக்கு, நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா முன்பாதி எங்க இடத்துல இருக்கு. முன்பாதியோட சம்மதம் இல்லாம பின்பாதியில வேலை பாக்கறது சட்டப்படி தப்பு. நாளைக்கு ஜோனல் மேனேஜர் வர்றார் சார். ஒரு நாள் பொறுங்க, கம்பெனிப்படி முடிச்சுடலாம்."

கம்பெனிப்படி என்ற சொல் ஜெபமாலையின் காதில் விழுந்தது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் அவரை உள்ளுக்குள் ஓரடி பின்னால் நிற்கவைத்தது. ராக்கன் ஸ்பேனரோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் பாப்பம்டா. வியாழக்கிழமைதானே பயணம்."

ராக்கன் சாக்கைச் சுருட்டினார். திட்டவில்லை. ஆனால் போகிறபோது பழக்கமாகச் சொல்கிற 'வாரேண்ணே'யைச் சொல்லாமல் போனார்.

அன்றைக்கு இரவு வீட்டில் வேளாங்கண்ணி வாடகைக் கார் பேசிவிடலாமா என்று கேட்டாள். பிரின்சி பெட்டியில் ஊறுகாயைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே, அப்பா சொன்னபடியே போகலாம்மா என்றாள்.

புதன்கிழமை ஜோனல் மேனேஜர் ஆனந்தராஜ் வந்தார். வந்து இடிந்த சுவர் வழியாக உள்ளே போனார். காரைச் சுற்றி ஊழியர்கள் எல்லோரையும் நிற்கவைத்து, ஜெபமாலைக்கு ஒரு சால்வை போர்த்தி, பேச ஆரம்பித்தார்.

"கஸ்டமர் எங்களுக்குக் கடவுள் சார். இது சும்மா சுவத்துல எழுதி வச்சது இல்ல. கடவுளை நாம என்ன பண்றோம்? எட்ட நின்னு கும்பிடறோம். பூ போடறோம், காணிக்கை வாங்கிக்கறோம். கிட்டப் போயி, சாமி, உங்களுக்கு என்ன வேணும், எத்தனை மணிக்கு வேணும்னு கேக்கறோமா? கேட்டா அது மரியாதையா? அந்த மரியாதையை நாங்க ஒரு நாளும் விட்டதில்ல."

கை தட்டினார்கள். ஜெபமாலையும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தார்.

"இந்த மூணு நாள்ல இந்த வண்டியைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கா? இல்ல. ஏன்? கம்ப்ளெயின்ட் பண்ண ஜாப் கார்டு நம்பர் வேணும், அது சாருக்கு இல்ல. ஆக, சிஸ்டம் வேலை செய்யுது. எங்க மெக்கானிக்குங்க எட்டு பேரும் ட்ரெய்னிங் எடுத்தவங்க. ஹேண்ட்பிரேக் மோட்டார் மாத்தறதுல இல்ல, ஹேண்ட்பிரேக் மோட்டார் மாத்தறதைப் பத்திக் கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசறதுங்கறதுல. நான் ராத்திரி முழுக்க யோசிச்சேன் சார். பிரச்சனை வண்டியில இல்ல. வண்டி சரியான இடத்துலதான் நிக்குது. கேட்தான் தப்பான இடத்துல இருக்கு."

சிவபிரகாஷ் மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கேட்டைப் பிடுங்கி எட்டடி முன்னால் நட்டுவிட்டால் கார் தானாக உள்ளே வந்துவிடும். அந்த எட்டடி சாலைக்குச் சொந்தமானதே என்று ஆண்டிச்சாமி ஏதோ சொல்ல வந்தார். அவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஜெபமாலைக்குக் கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை அழுகை வரும்போல இருந்தது. புதன்கிழமை இரண்டையும் தேடிப்பார்த்தார், இரண்டும் இல்லை. நெடுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. நாலு மணிக்கு ரோஸ்மில்க் வந்தது. குடித்தார்.

வியாழக்கிழமை பத்தரை மணி நல்ல நேரத்தில் கேட்டைப் பிடுங்கினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். தூண்களைச் சாலை ஓரத்துக் கப்பிமேல் கொண்டுவந்து நட்டு, கான்கிரீட் போட்டு, மேலே கேமராவை மாட்டினார்கள்.

பதினோரு மணியிலிருந்து ஜெபமாலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏஜென்சிக்காரர் ஆறு நர்ஸ்களையும் சேர்த்து நாலு மணிக்கு விமான நிலையத்துக்குள் கூட்டிப் போவார். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். பெட்டிகள் வாசலில் இருந்தன. அன்றைக்கு முகூர்த்த நாள். கீரமங்கலத்தில் இருந்த வாடகைக் கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல கெளம்புங்க," என்றார் ஜெபமாலை. "இங்க கேட்டு நட்டுட்டாங்க. நான் பின்னாடியே கார்ல வந்துருவேன். பஸ்ஸைவிட கார் வெரசா வரும்."

"அந்தக் காரை அங்கிட்டே விட்டுட்டு நீங்க பஸ்ஸுல ஏறி வாங்களேன்," என்றாள் வேளாங்கண்ணி.

"இன்னும் அரை மணி நேரந்தான். முடிஞ்சிருச்சு."

பன்னிரண்டு நாற்பதுக்குக் கேமரா கண் சிமிட்டியது. 'வணக்கம், உங்கள் வருகை எங்கள் பெருமை' என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜாப் கார்டு திறந்தது. நீலப் பெட்டி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தது. பிரவீன்குமார் என்ற மெக்கானிக் ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். ராக்கன் சொன்ன மாதிரியே இரண்டு போல்ட். பழைய மோட்டாரை எடுத்தான், தண்டைத் திருப்பினான், புது மோட்டாரை வைத்து ஒயரைச் சொருகினான், ஒரு கம்ப்யூட்டரைக் காரோடு இணைத்து இறுக்கமும் தளர்வும் சரிபார்த்தான். மொத்தம் நாற்பது நிமிஷம். பையன் வேலைக்காரன், இந்த நாலு நாளும் அவனை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஒன்று இருபதுக்குக் கார் தயார்.

ஜெபமாலை சாவிக்குக் கையை நீட்டினார். சிவபிரகாஷ் டேபைப் பார்த்தார்.

"ஒன்றரைக்கு ராகுகாலம் சார். டெலிவரிக்கு அரை மணி நேரம் வேணும், பத்து நிமிஷம்தான் இருக்கு. ராகுகாலத்துல சிஸ்டம் டெலிவரி எடுக்காது. மூணு மணிக்குத் தந்துடறோம்."

"நான் வேதக்காரன் தம்பி. எனக்கு ராகுகாலம் எமகண்டம் எல்லாம் கெடையாது."

"உங்களுக்கு இல்ல சார். வண்டிக்கு இருக்கு."

மூன்று மணிக்குக் கிடைத்தால் நாலுக்குள் போய்விடலாம் என்று ஜெபமாலை கணக்குப் போட்டார். கௌசல்யா அவர் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்தாள். டோக்கனோடு கேட்டைத் தாண்டினால் டெலிவரி ரத்தாகும், அடுத்தது திங்கட்கிழமைதான் என்று அதில் அச்சடித்திருந்தது.

இரண்டேகாலுக்குப் போன் வந்தது. "அப்பா, பஸ்ஸு ஒங்க எடத்துக்குப் பக்கத்துல வருது. வெளிய வாங்க."

ஜெபமாலை கேட்டுக்குப் போனார். கேட் எட்டடி முன்னால் வந்துவிட்டதால் அந்த இடத்தில் சாலை குறுகியிருந்தது. பஸ் மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்து, கேட்டை உரசுகிற மாதிரி மெல்லக் கடந்தது. ஜன்னலில் பிரின்சி இருந்தாள். கையை நீட்டினால் தொடலாம். பக்கத்தில் வேளாங்கண்ணி மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களாப்பா?" என்றாள் பிரின்சி.

"சாப்ட்டேன். நீ போம்மா. பின்னாடியே வாரேன்."

பஸ் அவ்வளவு மெதுவாகப் போனது. ஓட வேண்டியதில்லை, நடந்தே படியில் ஏறியிருக்கலாம். கண்டக்டர்கூட ஏறப்போகிறார் என்று நினைத்து விசிலை வாயில் வைத்துக் காத்திருந்தார். ஜெபமாலை டோக்கனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளேயே நின்றார். பஸ் போனதும் ஆண்டிச்சாமி அவரைப் பார்க்காமல், "ஏறியிருக்கலாம் சார்," என்றார்.

"ஆமாங்க," என்றார் ஜெபமாலை.

மூன்று மணிக்கு டெலிவரி விழா ஆரம்பித்தது. பானெட்டுக்கு மாலை போட்டார்கள். அட்டையில் செய்த மூன்றடிச் சாவி ஒன்றை ஜெபமாலையிடம் கொடுத்தார்கள். மணி அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். கேக் வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். ஆனந்தராஜ் எட்டடியில் ஒரு சரித்திரம் என்ற தலைப்பில் பதினைந்து நிமிஷம் பேசினார். பிறகு போட்டோ.

"குடும்பத்தோட நில்லுங்க சார்."

"குடும்பம் திருச்சி போயிருக்கு."

"குடும்பம் இல்லாத போட்டோவை சிஸ்டம் எடுத்துக்காது சார்," என்ற சிவபிரகாஷ் சுற்றிலும் பார்த்து, "கௌசல்யா, நீ வந்து சார் பக்கத்துல நில்லு. பொண்ணு மாதிரி. கொஞ்சம் சிரி," என்றார்.

கௌசல்யா வந்து நின்றாள். சட்டையில் இருந்த பெயர் அட்டையைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டாள். முதல் படத்தில் ஜெபமாலை கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொன்று எடுத்தார்கள். மூன்று ஐம்பதுக்குச் சாவி கையில் வந்தது.

விமான நிலையத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். நாலு மணிக்கே ஆறு பேரும் உள்ளே போய்விட்டார்கள். வெளியே நடைபாதையில் வேளாங்கண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். பெட்டிகள் போய்விட்டதால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். ஜெபமாலை பிரின்சிக்குப் போன் போட்டார்.

"உள்ள வந்துட்டேம்ப்பா. இனிமே வெளிய விடமாட்டாங்க. கார் சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சும்மா."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"அப்பன்னா அம்மாவைப் பத்திரமாக் கூட்டிப்போங்க," என்றாள். அப்புறம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போன் நின்றது.

வேளாங்கண்ணி காரில் ஏறி உட்கார்ந்தாள். பானெட்டில் மாலை வாடிக் கிடந்தது. தான் இப்போது அழ வேண்டும் என்று ஜெபமாலைக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. எங்கேயோ வரிசையில் நிற்கிறதுபோல, வரவே இல்லை. போன் அடித்தது. பிரின்சி என்று நினைத்து அவசரமாக எடுத்தார்.

"வணக்கம் சார். திருமகுடம் மோட்டார்ஸ்ல இருந்து கௌசல்யா பேசறேன்."

"சொல்லும்மா. நல்லா இருக்கியா?"

"சார், அப்படியெல்லாம் கேக்கக்கூடாது, கால் ரெக்கார்ட் ஆகுது. உங்க வண்டி சொன்ன நேரத்துக்குக் கெடச்சுதா சார்? ஜாப் கார்டு திறந்தது பன்னிரண்டு நாற்பது, டெலிவரி மூணு ஐம்பது. அதே நாள் டெலிவரின்னு சிஸ்டத்துல இருக்கு."

"சிஸ்டத்துல இருந்தா சரிதாம்மா."

"பத்துக்கு எத்தனை மார்க் சார் போடுவீங்க? பத்துக்குக் கொறஞ்சா வண்டியைத் திரும்பக் கொண்டுவரணும், கேட்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"பத்து."

"நன்றி சார். கடைசிக் கேள்வி. உங்க குடும்பத்துல எங்க சேவையைச் சிபாரிசு பண்ணிச் சொல்றதுக்கு யாராவது இருக்காங்களா? பேரும், அவங்ககிட்ட பேசற தேதியும் வேணும் சார்."

"ஒரு பொண்ணு இருக்கா. பிரின்சி."

"அவங்ககிட்ட எப்ப பேசலாம் சார்?"

"ஊர்ல இல்லம்மா. வர மூணு வருஷம் ஆகும்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

"பரவாயில்ல சார்," என்றாள் கௌசல்யா, "மூணு வருஷம் கழிச்சு இதே தேதியில போட்டு வச்சுட்டேன். அவங்களைக் கூட்டிட்டு வர கார்லதானே சார் போவீங்க? ரெண்டு நாள் முன்னாடி சர்வீஸுக்கு விட்டுடுங்க."

"சரிம்மா," என்றார் ஜெபமாலை.